பழக்கமில்லாத ரூட்டில் பத்தரை மணி பார்சல்கள்: டெலிவரி ஓட்டுநருக்கான முழுமையான வழிகாட்டி

கூரியர் கிளைகளில் “பத்தரை பார்சல்”, “பன்னிரண்டு மணி பார்சல்” என்று சொல்லப்படுபவை, குறித்த நேரத்துக்குள் கையில் சேர்க்கப்படும் என்ற உத்தரவாதத்தின் பேரில் கூடுதல் கட்டணத்துக்குப் பதிவாகுபவை. ப்ளூ டார்ட்டின் டொமெஸ்டிக் பிரையாரிட்டி 1030, 1200 ஆகிய சேவைகள் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. தினமும் அதே ரூட்டில் ஓடுபவருக்கு இவை பெரிய தொல்லை இல்லை. அவர் விடுப்பில் இருக்கும் நாளில் அவருடைய ஷீட், அதாவது அன்றைய பார்சல் பட்டியல், உங்கள் கைக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

கீழே உள்ள வரிசை சென்னையில் சிறிய வேனோ டாடா ஏஸோ ஓட்டுபவரை மனதில் வைத்து எழுதப்பட்டது; இரு சக்கர வாகனத்தில் செல்பவருக்கும் பெரும்பகுதி பொருந்தும். புதிதாக வருபவர்கள் விரைவாக ஓட்டி நேரத்தைப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். நான் பார்த்தவரை நேரத்தைத் தின்பது தவறான கேட், தவறான பிளாக், எடுக்கப்படாத போன், வண்டிக்குள் கவிழ்ந்து கிடக்கும் பார்சல் ஆகிய நான்கும்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் ஏறத்தாழ பாதி, வண்டியைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

1. முதல் நாள் மாலை: ரூட்டுக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுதல்

வழக்கமாக அந்த ரூட்டில் ஓடுபவரிடம் முதல் நாள் மாலையே பேசிவிட வேண்டும். விடுப்பு நாளின் காலையில் அவர் போனை எடுப்பார் என்று நம்பி இருக்க முடியாது.

“அண்ணே, ரூட் எப்படி?” என்று கேட்டால் “ஒண்ணும் இல்ல தம்பி, ஈஸியான ரூட்டுதான்” என்ற பதில்தான் வரும். அவருக்கு அது எளிது என்பது உண்மையே. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. கேள்விகள் குறிப்பாக இருக்க வேண்டும். அடிக்கடி பத்தரை பார்சல் வரும் அலுவலகங்கள் எவை, அங்கே பார்சல் வாங்குபவர் எத்தனை மணிக்கு வருகிறார், கூரியர் ஆட்களை எந்த வாசல் வழியாக விடுகிறார்கள், எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் யாரும் விரட்ட மாட்டார்கள், எந்தத் தெருவுக்குள் காலையில் வேன் நுழையாது என்பவற்றைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்த ஐந்துக்கும் விடை கிடைத்துவிட்டால், தெரியாத ரூட் பாதி தெரிந்த ரூட் ஆகிவிடும்.

கூடவே அந்தப் பகுதியின் வரைபடத்தைக் கைபேசியில் இணையமின்றிப் பார்க்கும்படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அடித்தள வாகன நிறுத்தங்களிலும் நெருக்கமான சந்துகளிலும் நெட்வொர்க் விட்டுவிட்டுத்தான் வரும்.

கையில் இருக்க வேண்டியவை சில: கைபேசியை வண்டியில் பொருத்தும் ஹோல்டர், பவர் பேங்க், அடையாள அட்டை, தடித்த மார்க்கர், எழுதும் பேனா இரண்டு, ரப்பர் பேண்டு, தோளில் மாட்டும் பை, மழைக்கால மாதங்களில் பிளாஸ்டிக் உறை. ஹோல்டரை ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். கைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதத்தைவிட, ஓரமாக நிறுத்தப்பட்டு ஆவணங்களைக் காட்டிக்கொண்டிருக்கும் பத்து நிமிடம்தான் பத்தரை பார்சலுக்கு எமன்.

2. கிளையில் ஸ்கேன் நடக்கும்போதே கண்ணால் சரிபார்த்தல்

ஷீட்டில் உள்ளதும் தரையில் உள்ளதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர உத்தரவாதம் உள்ள ஒவ்வொரு பார்சலையும் கையில் எடுத்து, லேபிளில் உள்ள பின்கோட்டையும் தெருவையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, தனியாக அடுக்க வேண்டும்.

இதற்குக் காரணம், ரூட் மாறி வந்த பார்சல் கிளையில் கண்டுபிடிக்கப்பட்டால் பக்கத்தில் நிற்பவரின் வண்டிக்கு ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம் என்பதே. அதே பார்சல் 9.50 மணிக்கு நடுரோட்டில் கண்டுபிடிக்கப்பட்டால் அதைக் காப்பாற்ற வழியே இல்லை. அண்ணா நகரை எடுத்துக்கொண்டால் 600040, 600101, 600102 என்று மூன்று பின்கோடுகள் ஒட்டி ஒட்டி வருகின்றன. அனுப்புபவர்களில் பலர் கிழக்கு, மேற்கு என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லாவற்றுக்கும் 600040 என்றே எழுதிவிடுகிறார்கள். தி. நகர் 600017, மேற்கு மாம்பலம் 600033. இடையில் ரயில் பாதை ஓடுகிறது. இங்கே பின்கோடு ஒன்று தவறினால் பாதையைக் கடந்து மறுபக்கம் போக வேண்டி வரும்.

ஷீட்டில் இருந்து தரையில் இல்லாத பார்சலையும் அப்போதே கிளைப் பொறுப்பாளரிடம் சொல்லிப் பதிவு செய்ய வைக்க வேண்டும். சொல்லாமல் கிளம்பிவிட்டால் அது உங்கள் கையில் இருப்பதாகவே கணினி காட்டும்.

3. முகவரியைப் படிக்கும் முறை

புதியவர்கள் அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். முகவரியைப் பார்த்ததும் கைபேசியில் இட்டு ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் முகவரியில் என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். குறைவது எது என்று தெரிந்தால்தான் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரியும்.

முதலாவது கதவு எண். சென்னையில் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என இரண்டும் வழக்கில் உள்ளன. 27/12 என்று இருந்தால் பெரும்பாலும் முன்னது புதியது, பின்னது பழையது. ஆனால் மாற்றி எழுதுபவர்களும் உண்டு. ஒற்றை எண் மட்டும் இருந்தால் அது எது என்று லேபிளை வைத்துச் சொல்லவே முடியாது. தெருவுக்குள் நுழைந்ததும் அடுத்தடுத்த இரண்டு வீடுகளின் பலகைகளைப் பார்த்து, புதிய எண் எந்தப் பக்கமாக ஏறுகிறது, வரிசையாகப் போகிறதா, ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ளனவா என்று கண்டுகொண்ட பிறகே மேலே செல்ல வேண்டும். அரை நிமிட வேலை. இதைச் செய்யாதவர் தெருவின் கோடி வரை போய்த் திரும்பி வருவார்.

இரண்டாவது, எண்ணால் பெயரிடப்பட்ட தெருக்கள். அண்ணா நகரில் பிளாக் எழுத்து இல்லாமல் “3வது தெரு” என்று மட்டும் இருந்தால் அது முகவரியே இல்லை, ஏனென்றால் மூன்றாவது தெரு பல பிளாக்குகளில் உண்டு. ஏஎஃப், ஏஇ, இசட் என்ற அந்த எழுத்துதான் சாவி. அசோக் நகரில் தெருக்களுக்கும் எண், அவென்யூக்களுக்கும் எண். பெசன்ட் நகரிலும் நங்கநல்லூரிலும் மெயின் ரோடு வேறு, குறுக்குத் தெரு வேறு. அனுப்புபவர் “7வது” என்று எழுதி மீதியை விட்டிருந்தால் போன் செய்யாமல் கிளம்பக் கூடாது.

மூன்றாவது, ஒரே பெயரில் பல இடங்கள். காந்தி நகர், நேரு நகர், பிள்ளையார் கோயில் தெரு, பள்ளிக்கூடத் தெரு ஆகியவை சென்னையில் எத்தனை என்று எண்ணி மாளாது. வரைபடச் செயலி தனக்கு முதலில் தோன்றிய காந்தி நகரைக் காட்டும். தேடும்போது தெருப் பெயரோடு பகுதியின் பெயரையும் பின்கோட்டையும் சேர்த்தே தேட வேண்டும்.

நான்காவது, மனை எண்ணும் அடுக்ககத்தின் வீட்டு எண்ணும் கலந்துபோவது. இரண்டையும் பேச்சில் “பிளாட்” என்றே சொல்கிறோம்; லேபிளில் தட்டச்சு செய்தவரும் காதில் விழுந்தபடி அடித்திருப்பார். 1408 என்று இருந்து அக்கம்பக்கத்தில் உயரமான கட்டடம் எதுவும் இல்லையென்றால் அது மனை எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வரைபடம் காட்டும் புள்ளியை நம்புவதற்கும் ஒரு சோதனை உண்டு. அந்த வீடு செயலிக்குத் தெரியாவிட்டால் அது தெருவின் நடுவையோ, பகுதியின் நடுவையோ, பின்கோடு எல்லையின் நடுவையோ காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். புள்ளியின் மேல் கட்டடப் பெயரோ கதவு எண்ணோ இல்லாமல் பகுதிப் பெயர் மட்டும் தெரிந்தால் அங்கே வீடு இல்லை என்று பொருள். அத்தகைய பார்சல்களின் மேல் மார்க்கரால் ஒரு கேள்விக்குறி போட்டுத் தனியே வையுங்கள். முதலில் போன் செய்யப்பட வேண்டியவை அவைதான்.

வேன் ஓட்டுபவர் வரைபடத்தை இரு சக்கர வாகன முறையில் வைத்திருந்தால், வண்டி நுழையாத சந்துக்குள் அது அழைத்துச் செல்லும். கார் முறைக்கு மாற்றியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகள் நடக்கும் சாலைகளில் மாற்றுப்பாதைகள் அடிக்கடி மாறுவதால், அங்கே செயலியைவிட நேற்று அந்தப் பக்கம் ஓடியவரின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

4. நிமிடக் கணக்கு

வரிசை போடுவதற்கு முன்பே, இத்தனை பார்சலும் நேரத்துக்குள் முடியுமா என்று கூட்டிப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

பாடிப் பக்கம் உள்ள ஒரு கிளையிலிருந்து காலை 8.30 மணிக்கு அண்ணா நகர் ரூட்டுக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தரை பார்சல்கள் 9. கையில் உள்ள நேரம் 120 நிமிடம். முதல் ஸ்டாப்பை அடைய 15 நிமிடம். ஒன்பதில் 2 அலுவலகங்கள், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம். 4 அடுக்ககங்கள், ஒவ்வொன்றுக்கும் 7 நிமிடம். 3 தனி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் 4 நிமிடம். வாசல் வேலைக்கு மட்டும் 64 நிமிடம் ஆகிறது. ஒன்பது ஸ்டாப்புகளுக்கு இடையே 8 ஓட்டங்கள், ஒவ்வொன்றும் 4 நிமிடம் என்றால் 32. ஆக மொத்தம் 111 நிமிடம், மீதி 9.

ரூட் தெரிந்தவருக்கு இது போதும். தெரியாதவர் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வாசலைக் கண்டுபிடிக்கக் குறைந்தது 2 நிமிடம் கூடுதலாகச் செலவிடுவார். அது 18 நிமிடம். இப்போது 9 நிமிடம் பற்றாக்குறை. இதை 8.10 மணிக்குக் கிளையில் நின்றுகொண்டு பொறுப்பாளரிடம் சொன்னால், இரண்டு பார்சலைப் பக்கத்து ரூட்டுக்கு மாற்றவோ, சாதாரண பார்சல்களின் ஸ்கேனைத் தள்ளிவைத்து உங்களை முன்னதாக அனுப்பவோ அவரால் முடியும். 10.15க்குச் சொன்னால் அவரால் திட்டத்தான் முடியும்.

வாசல் வேலைக்கு நான் போட்ட நிமிடங்கள் என் அனுபவத்தில் வந்தவை. உங்கள் பகுதிக்கு அவை மாறலாம், ஆனால் அலுவலகத்துக்கு ஐந்து நிமிடம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

5. வரிசை: குறுகிய இடைவெளியை முதலில் நிலைநிறுத்துதல்

அருகில் இருப்பதிலிருந்து தொடங்கித் தொலைவுக்குப் போவது சாதாரண பார்சலுக்குச் சரி. நேர உத்தரவாதம் உள்ளவற்றில் “எது அருகில்” என்ற கேள்விக்கு முன்னால் “எது எப்போது வாங்கப்படும்” என்ற கேள்வி வருகிறது.

வங்கிக் கிளை 10 மணிக்குத் திறக்கிறது. அங்கே போக வேண்டிய பத்தரை பார்சலுக்கு உங்களிடம் இருப்பது இரண்டு மணி நேரம் இல்லை, அரை மணி நேரம் மட்டுமே. அதை 10.05க்கு என்று முதலில் ஆணி அடித்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி அமைக்க வேண்டும். அரசு அலுவலகங்களின் தபால் பிரிவுக்கும் இதே கணக்குத்தான். வீடுகளுக்கு நேர்மாறு, எட்டரைக்கே ஆள் இருப்பார்கள், ஒன்பதரைக்கு மேல் வேலைக்குப் போய்விடுவார்கள். பாரிமுனைப் பக்கம் தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெருவில் உள்ள வழக்கறிஞர் அலுவலகங்களில், உயர் நீதிமன்றம் 10.30 மணிக்கு அமர்வதால், பத்து மணிக்குள் மூத்தவரும் ஜூனியர்களும் கிளம்பிவிடுகிறார்கள். அங்கே பத்தரை பார்சல் என்பது நடைமுறையில் ஒன்பதே முக்கால் பார்சல்.

எனவே பொதுவான அமைப்பு இப்படி வரும்: முதலில் வீடுகள், நடுவில் சீக்கிரம் திறக்கும் பள்ளி அலுவலகங்களும் தொழிற்சாலைகளும், கடைசியில் பத்து மணிக்குத் திறப்பவை. இந்த அமைப்புக்குள்தான் தூரத்தைப் பார்த்து முன்பின் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தூரத்தைப் பார்க்கும்போது கிலோமீட்டரைவிடத் தடைகளைக் கவனிக்க வேண்டும். கடற்கரை–தாம்பரம் ரயில் பாதை, கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆகியவற்றைக் குறிப்பிட்ட சில பாலங்கள், சுரங்கப்பாதைகள் வழியாகத்தான் கடக்க முடியும். வரைபடத்தில் அரை கிலோமீட்டராகத் தெரியும் ஸ்டாப், பாதையின் மறுபக்கம் இருந்தால் கால் மணி நேரத் தொலைவு ஆகிவிடும். ஒரு பக்கத்து வேலை முழுவதையும் முடித்துவிட்டு ஒரே ஒரு முறை கடப்பதாக வரிசை அமைய வேண்டும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சுரங்கப்பாதைகள் மூடப்படுவதுண்டு. அன்றைக்கு மேம்பாலத்தை வைத்தே திட்டமிடுவது நல்லது.

நடுவில் தடுப்பு உள்ள சாலைகளில் இடப்பக்கம் வரும் ஸ்டாப்புகளைப் போகும்போதும், எதிர்ப்பக்கத்தவற்றைத் திரும்பும்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு யூ-டர்னைத் தவறவிட்டவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இனி ஒரு பெரிய பொறி. வரிசைப்படி போய்க்கொண்டிருக்கும்போது சாதாரண பார்சலின் முகவரி வழியில் தென்படும். “வழியில்தானே இருக்கு, கொடுத்துட்டுப் போயிடலாம்” என்று தோன்றும். அப்படி நான்கு கொடுத்தால் இருபது நிமிடம் போய்விடும். நான் வைத்திருக்கும் விதி இது: அதே கட்டடம், அதே லிஃப்ட், அல்லது அதே வரவேற்பு மேசை என்றால் மட்டும் கொடுக்கலாம். அதே தெரு என்பது போதாது.

6. வண்டியில் ஏற்றுதல்

வரிசை முடிவான பிறகே ஏற்ற வேண்டும். முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு வரிசை போடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வண்டிக்குள் ஏறி இறங்குகிறார்கள்.

பத்தரை பார்சல்கள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், தோள்பையில் அல்லது ஒரு பெட்டியில், வரிசை எண்படி இருக்க வேண்டும். எண்ணை மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள், ஆனால் பார்கோடின் மேலும் முகவரியின் மேலும் எழுதாதீர்கள். முன்னால் வைக்க முடியாத பெரிய பெட்டியாக இருந்தால் பின்கதவை ஒட்டிக் கடைசியாக ஏற்ற வேண்டும். அது பின்னால் இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி அதன் இடத்தில் பையில் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் பையில் அடுத்த எண்ணைப் பார்த்துவிட்டு அந்த ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விடுவீர்கள். பன்னிரண்டு மணி பார்சல்கள் வேறொரு பெட்டியில். இரண்டையும் கலக்க வேண்டாம்.

7. போன் அழைப்புகள்

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைப் பலர் எடுப்பதில்லை. அதனால் கேள்விக்குறி போட்ட பார்சல்காரர்களுக்கு முதலில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, இரண்டு நிமிடம் கழித்து அழைப்பது பலன் தரும். கூரியர், இன்று பத்தரைக்குள், இன்னாரிடமிருந்து பார்சல் என்ற மூன்றும் செய்தியில் இருக்க வேண்டும்.

அழைத்ததும் “அட்ரஸ் எங்க சார்?” என்று கேட்கக் கூடாது. அவர் தன் வீட்டுக்குத் தான் வரும் வழியைத் தாம்பரத்திலிருந்து சொல்லத் தொடங்கிவிடுவார். விடை ஒரு சொல்லில் வரும்படி கேட்க வேண்டும்:

“சார், கூரியர்லேருந்து பேசுறேன். உங்க பார்சல்ல பன்னண்டுன்னு போட்டிருக்கு, அது பழைய நம்பரா புது நம்பரா?”

“பழசு. புதுசு இருபத்தேழு.”

“எந்த கேட்ல சார் வரணும்? ஒன்பது மணிக்கு யாராச்சும் இருப்பாங்களா?”

இவ்வளவுதான். நுழைவு அனுமதி கேட்கும் அடுக்ககங்களுக்கு முந்தைய ஸ்டாப்பில் இருக்கும்போதே அழைத்துவிட வேண்டும். கேட்டில் நின்று அழைத்தால், அவர் போனைத் தேடி எடுத்து, செயலியைத் திறந்து, அனுமதி தரும் வரை உங்கள் பின்னால் நிற்கும் கார்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். ஓட்டிக்கொண்டே அழைப்பதும் வேண்டாம். வண்டி நிற்கும் இடத்திலேயே அடுத்த இரண்டு ஸ்டாப்புகளுக்கும் சேர்த்து அழைத்துவிடலாம்.

8. வாசலில் நேரத்தைக் காப்பது

தெருவை அடைந்தும் வீடு கிடைக்கவில்லை என்றால், இரண்டாவது சுற்று ஓட்டுவதற்கு முன் இறங்கிக் கேட்டுவிட வேண்டும். ஆனால் யாரிடம் எதைக் கேட்பது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டில் தெருப் பெயர் தெரியும். ஆள் பெயர் தெரியாது. இஸ்திரி வண்டிக்காரருக்கு வீட்டுக்கு வீடு துணி எடுத்து எடுத்து, எந்தப் பெயர் எந்த மாடி என்பது வரை தெரியும். தெருவின் அதிகாரப்பூர்வப் பெயர் தெரியாமலும் இருக்கும். தபால்காரர் எதிர்ப்பட்டால் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அவரிடம் கேட்டுவிடலாம். வழிப்போக்கர்களைக் கேட்காமல் இருப்பது நல்லது. தெரியாது என்று சொல்ல மனமில்லாமல் கையை ஏதோ ஒரு திசையில் நீட்டுபவர்கள் பலர்.

தொழில்நுட்பப் பூங்காக்களில் முன்வாசலில் வரிசையில் நிற்பது வீண். கூரியர் வண்டிகளுக்கு வேறு கேட் இருக்கலாம், காவலரிடம் “அண்ணே, கூரியர் எந்த கேட்?” என்று முதலில் கேட்டுவிட வேண்டும். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே இறங்குங்கள், பையைத் திறந்து காட்டத் தயாராக இருங்கள். நிறுவனத்தின் மெயில் ரூம் (தபாலும் பார்சலும் வாங்கும் அறை) அடித்தளத்தில் இருக்கிறதா, மேல் தளத்தில் இருக்கிறதா என்பதையும் கேட்டிலேயே கேட்டுவிட்டால் லிஃப்ட்டில் ஏறி இறங்கும் நேரம் மிஞ்சும்.

பாரிமுனை, சௌகார்பேட்டைத் தெருக்களில் கதை வேறு. வேனை உள்ளே கொண்டுபோனால் எதிரே தள்ளுவண்டியும் சரக்கு இறக்கும் ஆட்களும் இருப்பார்கள். முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. தெருமுனையில் அனுமதியுள்ள இடத்தில் நிறுத்திவிட்டு, அந்தத் தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் உரிய பத்தரை பார்சல்களைத் தோள்பையில் போட்டுக்கொண்டு நடப்பதே விரைவான வழி. பழைய கட்டடங்களில் மாடிப்படி தொடங்கும் இடத்தில் பெயர்ப்பலகைகள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றைப் படிக்காமல் படியேறாதீர்கள்.

வண்டியை விட்டு இறங்கும்போது சாவியை எடுத்து, பின்கதவைப் பூட்ட வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுதான்.

9. கையெழுத்தும் நேரமும்

பார்சல் 10.20க்குக் கை மாறியிருக்கலாம். ஆனால் நீங்கள் அதை 10.40க்கு வண்டியில் உட்கார்ந்து பதிவு செய்தால் கணினியைப் பொறுத்தவரை அது தாமதம். வாங்கியவர் முன்னாலேயே ஸ்கேன், ஓடிபி அல்லது கையெழுத்து, பெயர் ஆகியவற்றை முடிக்க வேண்டும். லிஃப்ட்டுக்குள்ளும் அடித்தளத்திலும் சிக்னல் இருக்காது என்பதால் ஓடிபி தேவைப்படும் பார்சலைத் தரைத்தளத்திலேயே செயலியில் திறந்து வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அலுவலகங்களில் கையெழுத்து மட்டும் போதாது. வந்து சேர்ந்ததற்கான இன்வார்டு முத்திரையும் அதில் நேரமும் வாங்குங்கள். டெண்டர் ஆவணங்கள் போன்றவற்றில் பின்னர் தகராறு வந்தால் அந்த முத்திரைதான் பேசும். முத்திரை போடுபவர் டீ குடிக்கப் போயிருந்தால், வாங்குபவரையே நேரத்தைக் கையால் எழுதிக் கையெழுத்திடச் சொல்லலாம்.

கொடுக்க முடியாமல் போனால் காரணக் குறியீட்டைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு பூட்டியிருப்பது வேறு, ஆள் வாங்க மறுப்பது வேறு, முகவரி முழுமையாக இல்லாதது வேறு, கேட்டில் அனுமதி கிடைக்காதது வேறு. பட்டியலில் முதலில் வருவதை அழுத்திவிட்டுப் போனால், அனுப்பியவருடைய குறைக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். பூட்டிய கதவையும் கதவு எண்ணையும் சேர்த்து ஒரு படம், அழைத்த போனின் பதிவு ஆகிய இரண்டும் இருந்தால் பேச்சு முடிந்தது. போகாமலே “பூட்டியிருந்தது” என்று போடுவதும், கொடுக்கும் முன்பே “கொடுத்தாயிற்று” என்று போடுவதும் சில கிளைகளில் கண்டும் காணாமல் விடப்படுகின்றன. கேமரா இல்லாத வாசல் குறைந்துவரும் ஊரில் அது பிழைப்புக்கே உலை வைக்கும்.

10. நேரம் கைமீறும்போது

9.45 மணியளவில் ஒருமுறை நின்று கணக்குப் பார்க்க வேண்டும்: மீதி எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம். போதாது என்று தெரிந்தால் அந்த நிமிடமே கிளைக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து ரூட்டில் ஓடுபவர் நடுவில் ஓரிடத்தில் சந்தித்து இரண்டு பார்சலை வாங்கிக்கொள்ள அப்போது வாய்ப்பு இருக்கிறது.

உதவி இல்லையென்றால் எதை விடுவது என்று நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஒரு பார்சல் நிச்சயமாகத் தவறப்போகிறது என்று தெரிந்த பிறகு அதைத் துரத்துவது பெரும்பாலானவர்கள் செய்யும் பிழை. அதன் பின்னால் ஓடி இன்னும் இரண்டைத் தவறவிடுகிறார்கள். தவறப்போவதை அதன் இடத்தில் விட்டுவிட்டு, எட்டக்கூடிய மூன்றை எட்ட வேண்டும். விட்டதற்குரியவருக்கு ஒரு போன் போட்டு, இத்தனை மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் கிளைக்கு அழைத்துக் கத்துவது பாதியாகக் குறையும். மருந்து, பாஸ்போர்ட், அன்றைக்கே கெடு முடியும் ஆவணம் ஆகியவை என்று தெரிந்தால் அவற்றுக்கே முதலிடம். பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்தாலே இது தெரிந்துவிடும்.

சிக்னலைத் தாண்டுவதும் எதிர்த்திசையில் நுழைவதும் மிச்சப்படுத்துவது ஓரிரு நிமிடம். தவறான கேட்டில் நீங்கள் ஏற்கெனவே இழந்தது அதைவிட அதிகம். அந்தக் கணக்கைச் சாலையில் நேர் செய்ய முயல வேண்டாம்.

11. பத்தரைக்குப் பிறகு

பத்தரை முடிந்ததும் உடனே சாதாரண பார்சல்களில் இறங்கிவிடாமல், பன்னிரண்டு மணிப் பெட்டியை எடுத்து நான்காவது பிரிவில் சொன்ன கூட்டலை மறுபடி போட வேண்டும். இப்போது தெருக்கள் ஓரளவு பழகியிருக்கும் என்பதால் தேடும் நேரத்தை ஸ்டாப்புக்கு ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைகள் திறந்து சாலை நிறைந்திருக்கும். ஓட்ட நேரத்தைக் கூட்ட வேண்டும். தி. நகர் போன்ற கடைவீதிகளில் பதினோரு மணிக்கு மேல் நிறுத்த இடம் கிடைக்காது. அங்கே உள்ள பன்னிரண்டு மணி பார்சல்களை முதலில் முடித்துவிட்டுக் குடியிருப்புப் பகுதிக்கு வருவதுதான் சரி.

மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது, அன்று தெரிந்துகொண்டதை மறக்கும் முன் எழுதிவிடுங்கள். எந்த அலுவலகம் எத்தனை மணிக்குத் திறந்தது, எந்த கேட், எந்த முகவரிக்கு எந்த எண் சரி, வண்டியை எங்கே நிறுத்தினீர்கள் என்ற அளவு போதும். “ஏஎஃப் பிளாக், புதிய எண் 27, பின்பக்கச் சந்தில் வாசல், நாய் உண்டு” என்பது போன்ற ஒரு வரிக் குறிப்புகளே பயன்படும். தாளை ரூட் பெயர் எழுதிய உறையில் போட்டுக் கிளைப் பொறுப்பாளரின் மேசையில் வைத்துவிட்டு, ஒரு படம் எடுத்து வழக்கமான ரூட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். தவறாக எழுதியிருந்தால் அவரே திருத்தி அனுப்புவார்.